தலையில் அரைத்த குடமிளகாய்

விசிலக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த சங்கதி. ஆனால் அன்று காலை, சுற்றி நின்றவர்கள் கைதட்ட, தோட்டத்து மேடம் அவள் மடியில் ஒரு காயை வைத்து, "சிரிங்கக்கா, போட்டோ" என்று சொன்னபோது வந்த கோபம் அந்தக் கணக்கில் சேராது. அது அடிவயிற்றிலிருந்து கிளம்பிய கோபம். இடுப்புக்குக் கீழே ஊசி குத்தினாலும் தெரியாதவளுக்கு அடிவயிறு எப்படி எரிந்தது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மடியில் இருந்தது குடமிளகாய். பச்சைப் பசேலென்று, புடைத்துக்கொண்டு, மினுமினுப்பாக இருந்தது. அவள் விதைத்ததோ காரமிளகாய். அண்ணி டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்த வற்றலை, தன் கையால் உடைத்து, விதை தெறித்துக் கண் எரிந்து, திட்டிக்கொண்டே பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து போட்டது. அதில் எப்படி ஐயா குடமிளகாய் காய்க்கும்?

"எங்க, குடு பாப்போம்" என்று பக்கத்துப் பாத்தியிலிருந்து கை நீட்டினார் ரேடியோ. கண் தெரியாதவர். வாயை மூடவே மாட்டார் என்பதால் அந்தப் பெயர். காயைத் தடவிப் பார்த்தவர், "என்ன விசிலு, உன் மிளகாய்க்கு மூஞ்சி வீங்கியிருக்கு? பல்வலியா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். விசிலக்கா சிரிக்கவில்லை.

அவள் கண்டக்டராக இருந்தவள். கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் ஒரு கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "உள்ள போ, உள்ள போ! நடுவுல காலியா கெடக்கு, அங்க என்ன படுக்கை விரிச்சிருக்கா?" என்று அவள் போடும் சத்தம் அடுத்த நிறுத்தம் வரை கேட்கும். சில்லறை தராதவனோடு சண்டை, படியில் தொங்குகிறவனோடு சண்டை, தூங்கிவிட்டு இடம் தாண்டியவனோடு சண்டை. அவர்களும் லேசுப்பட்டவர்களா? ஒன்று சொன்னால் ஒன்பது சொல்வார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கே அண்ணி காத்திருப்பாள். குழாயை யார் திறந்து போட்டது, சோப்பை யார் தண்ணீரில் ஊறவிட்டது, சோற்றில் ஏன் உப்பு இல்லை என்று இரண்டு பேரும் எலியும் பூனையுமாக நிற்பார்கள். நடுவில் மாட்டிய அண்ணன் நைசாக மொட்டை மாடிக்குப் போய்விடுவான். சத்தம் அடங்கியதும் அண்ணியும் நாத்தனாரும் ஒரே தட்டில் முறுக்கு கடிப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வான்.

ஒரு மழை நாளில் குறுக்கே ஓடிய நாய்க்காக டிரைவர் பிரேக்கை மிதித்தார். பின்படியில் நின்றவள் தூக்கி எறியப்பட்டாள். முதுகெலும்பு போயிற்று. ஆஸ்பத்திரியில் டிரைவர் வந்து தேம்பித் தேம்பி அழுதபோது, "நாயாவது பொழச்சுதா?" என்று கேட்டாளாம். பிழைத்ததாம். "அப்ப விடு, யாராச்சும் ஒருத்தர் நடக்கட்டும்" என்றாளாம். அவ்வளவு வாய்.

சக்கர நாற்காலி அவளைப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. பழகிக்கொண்டாள். பழக முடியாமல் போனது வேறொன்று. அவளோடு யாருமே சண்டை போடுவதில்லை. என்ன சொன்னாலும் "சரிக்கா." கடைக்காரன் "சரிக்கா" என்றான். பக்கத்து வீட்டுக்காரி "சரிக்கா" என்றாள். ஒரு நாள் வேண்டுமென்றே, நன்றாக உப்புப் போட்ட சோற்றை உண்டுவிட்டு, "உப்பே இல்ல, என்ன சமைக்கிறே?" என்று அண்ணியை வம்புக்கு இழுத்தாள். பழைய அண்ணியாக இருந்தால் கரண்டி பறந்திருக்கும். இந்த அண்ணி தலையைக் குனிந்துகொண்டு, "சரி, நாளையிலேர்ந்து கூடப் போடறேன்" என்றாள். போடவும் போட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் வாயில் வைக்க முடியாத உப்புச் சோற்றைப் பேசாமல் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். என்ன கொடுமை இது! மனுஷியை உயிரோடு படமாக்கி மாட்டியது போல இருந்தது அவளுக்கு.

அப்படியிருக்கும்போதுதான் மறுவாழ்வு மையத்தின் பின்பக்கம் தோட்டம் போட்டார்கள். உடல் ஊனமுற்றோருக்கான தோட்டம். வாரத்தில் இரண்டு காலை வேன் வந்து ஏற்றிப் போகும். பாத்திகளை மேசை மாதிரி உயர்த்திக் கட்டியிருந்தார்கள். நாற்காலியோடு அடியில் நுழைந்துகொள்ளலாம், மண் நெஞ்சுக்கு நேரே வரும். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முதல் நாள் மண்ணில் கை வைத்தபோது விசிலக்காவுக்குத் தோன்றியது இதுதான்: இந்த விதைக்குப் பாவம் பார்க்கத் தெரியாது. சரியாக வளர்த்தால் வரும், தப்பாக வளர்த்தால் செத்துத் தொலையும். "சரிக்கா" என்று சொல்லாத ஒன்று உலகத்தில் இன்னும் இருக்கிறது என்று அவளுக்கு அப்படியொரு ஆறுதல்.

விதையும் முளைத்தது. வெள்ளிக்கிழமை சுண்டுவிரல் உயரம் இருந்த நாற்று செவ்வாய்க்கிழமை ஒரு சாண் நின்றது. "பாத்தீங்களா என் கைராசிய!" என்று வேனில் பீற்றினாள். வீட்டில் பீற்றினாள். தெருவில் போகிறவனைக் கூப்பிட்டு நிறுத்திப் பீற்றினாள். இப்போது மடியில் குடமிளகாய் உட்கார்ந்து அவளைப் பார்த்துப் பல்லிளிக்கிறது.

அந்தக் காயை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையல் மேடையில் வைத்தாள். மனதில் ஒரே ஒரு நப்பாசை. அண்ணி வாழ்நாள் முழுக்க அடுப்படியில் நின்றவள். அவள் கொடுத்த வற்றல். பார்த்ததும் "என்னடி கூத்து இது, நான் குடுத்தது வேற ஆச்சே!" என்று கத்துவாள், நாமும் கத்தலாம் என்று காத்திருந்தாள்.

அண்ணி காயைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். "அட, மிளகா நல்லா வந்திருக்கே!" என்றாள்.

"இது மிளகாயா?"

"மிளகாதானே. நீ வளத்தது. ரொம்ப அழகா இருக்கு."

விசிலக்கா அன்று சாப்பிடவில்லை.

அடுத்த முறை வேன் தோட்ட வாசலில் இறக்கிவிட்டதும் அவள் பாத்திப் பக்கமே போகவில்லை. நேராகத் தோட்டக்காரரிடம் உருட்டிக்கொண்டு போனாள். மையத்தின் முன்பக்கப் புல்தரையை வெட்டுகிறவர் அவர், நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் மேல்தான் அவளுக்கு இப்போதெல்லாம் ஆத்திரம் அதிகம்.

"யோவ், இங்க வா. என் பாத்தியில குடமிளகா எப்படி வந்துச்சு?"

"அது... மண்ணைப் பொறுத்து சில சமயம் அப்படி மாறும்க்கா."

"மாறுமா? உன் வீட்டுக் கோழி முட்டையில வாத்து வருமா? என் காதுல பூ சுத்தாத. உண்மையச் சொல்லு, இல்ல இந்தச் சக்கரத்த உன் கால்ல ஏத்திடுவேன். எனக்கு வலிக்காது, உனக்கு வலிக்கும்."

அவர் தலையைச் சொறிந்தார். அப்புறம் சொன்னார். நீங்கள் போட்டது முளைத்தது உண்மைதான். ஆனால் நீங்கள் வராத நாளில் தோட்டத்தைப் பூட்டிவிடுகிறார்கள். எனக்கும் அந்த நாளில் முன்பக்கம்தான் வேலை. தண்ணீர் ஊற்ற ஆளில்லை. வெயிலில் எல்லாம் கருகிப் போயிற்று. நீங்கள் பார்த்தால் வருத்தப்படுவீர்கள் என்று மேடம் நாற்று வாங்கித் தரச் சொன்னார். நீங்கள் வருகிற நாள் காலையில் நட்டுவிடுவேன். அதுவும் கருகும், மறுபடி நடுவேன். கடைசியில் ஒன்றைத் தொட்டியோடு புதைத்தேன், மழையும் பெய்ததால் நின்றுவிட்டது. "நான் மிளகா நாத்துன்னுதாங்க்கா கேட்டேன். சின்னதா இருக்கறப்ப ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. நர்சரிக்காரன் மாத்திக் குடுத்துட்டான்."

"என் பாத்தி மட்டுமா?"

"எல்லாப் பாத்தியும்தான்."

அவளுக்கு உடம்பே ஆடியது. பாதி உடம்புதான், ஆனாலும் ஆடியது. ரேடியோவிடம் போனாள். அவர் அவரைக்கொடியைத் தடவிக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தார்.

"யோவ் ரேடியோ, விஷயம் தெரியுமா? நம்ம செடி எதுவும் நம்ம செடி இல்ல."

"தெரியுமே" என்றார் ரேடியோ.

"தெரியுமா?"

"நான் விரலால அளந்து விதை போடற ஆளு. அடுத்த வாரமே தொட்டுப் பாக்கறேன், எடைவெளி எதுவும் என் விரலுக்குச் சேரல. அப்பவே புரிஞ்சிடுச்சு."

"பின்ன ஏன்யா வாயில கொழுக்கட்டைய வச்சிட்டு இருந்தே? ஊர்க்கதை எல்லாம் பேசறே, இதச் சொல்ல முடியலியா?"

"அந்த மேடம் பொண்ணு 'உங்க விதை முளைச்சிடுச்சு'ன்னு எவ்வளவு சந்தோஷமா கத்துச்சு தெரியுமா? என் காதுக்குள்ளயே வந்து கத்துச்சு. கண்ணுதான் தெரியாது, காது நல்லாத்தான் கேக்குதுன்னு எத்தன தடவ சொல்றது? சரி, சின்னப் பொண்ணு, பாவம்னு விட்டுட்டேன்."

"அடப்பாவி! நீ அவங்களுக்குப் பாவம் பாக்கறே, அவங்க உனக்குப் பாவம் பாக்கறாங்க. நடுவுல செடி சாவுது!"

மேடம் என்று எல்லோரும் அழைக்கும் அந்தப் பெண்தான் தோட்டத் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவள். சின்ன வயது. வெயில் தொப்பி. கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் அவள் குரல் மாறிவிடும். பால்வாடிக் குழந்தைகளிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்தி, இழுத்து இழுத்துப் பேசுவாள். சத்தம் கேட்டு ஓடிவந்தவள், "என்னாச்சுக்கா? ஏன் கோவமா இருக்கீங்க?" என்றாள்.

"என் தலையில மிளகா அரைச்சிருக்கீங்களே, அதான் கோவம். அரைச்சதுதான் அரைச்சீங்க, காரமா ஒரு மிளகாய அரைக்கக் கூடாதா? குடமிளகாதான் கெடச்சுதா?"

மேடத்துக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. "செடி வாடினதப் பாத்தா நீங்க ஒடஞ்சு போயிடுவீங்கன்னுதான்க்கா..."

"நான் ஏற்கெனவே ஒடஞ்சவதாம்மா. முதுகெலும்பே போச்சு. ஒரு மிளகாச் செடி செத்து இன்னும் ஒடைய என்ன மிச்சம் இருக்கு?"

"செடி முக்கியம் இல்லக்கா. எங்களுக்கு பயனாளிங்களோட மனநிறைவுதான் முக்கியம்."

"யாரோட? பயணிங்களோடயா?"

"பயனாளிங்க. அதாவது, திட்டத்தால பயன் அடையறவங்க."

"ஓ." விசிலக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பயணின்னா எனக்கு நல்லாத் தெரியும். டிக்கெட் வாங்கிட்டு ஏறுவான். எடம் மாத்தி எறக்கிவிட்டா என் சட்டையப் புடிப்பான். இந்தப் பயனாளி எப்படி? எங்க எறக்கிவிட்டாலும் கும்பிடு போட்டுட்டு நடந்து போயிடணுமா? எனக்கு நடக்கவும் வராதே!"

மேடம் வெயில் தொப்பியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"என் விதை ஏன் செத்துச்சு? என் கை சரியில்லாமயா? ஊத்தறதுக்கு ஆள் இல்லாம செத்துச்சு. கேட்டப் பூட்டிட்டுப் போயிட்டீங்க. சரி, தொறந்தே இருந்தாலும் அந்தக் குழாயப் பாரு." எல்லோரும் பார்த்தார்கள். குழாய் சுவரோரம், ஒரு படிக்கு மேலே, நிற்கிற ஆளின் நெஞ்சு உயரத்தில் இருந்தது. "பாத்திய என் உசரத்துக்குக் கட்டினவனுக்குக் குழாய எறக்கி வைக்கத் தோணலியே, ஏன்? ஏன்னா நாங்க தண்ணி ஊத்துவோம்னு நீங்க யாரும் நெனைக்கவே இல்ல. வந்து மண்ண அளைஞ்சு வெளையாடிட்டுப் போவோம்னு நெனச்சீங்க. வாரா வாரம் நாத்து வாங்க முடியுது, ஒரு குழாய எறக்க முடியல!"

"தெனமும் தொறக்க முடியாதுக்கா. யாராவது கூட இல்லாதப்ப நீங்க விழுந்துட்டா?"

"விழுந்தா விழுந்தேன்! நான் பஸ்ஸுலேர்ந்து விழுந்தேன், பஸ்ஸையா பூட்டி வச்சுட்டாங்க?"

"சரிக்கா. நீங்க சொல்றது சரிதான்க்கா. மேல பேசறேன்க்கா" என்றாள் மேடம், அதே பால்வாடிக் குரலில். அந்தச் "சரிக்கா"வைக் கேட்டதும் விசிலக்காவுக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாற்போல் ஆயிற்று. நேராகப் பாத்திக்குப் போனாள். மண்ணுக்குள் கையை விட்டு, குடமிளகாய்ச் செடியை அதன் பிளாஸ்டிக் தொட்டியோடு உருவி எடுத்துத் தோட்டக்காரரின் கையில் கொடுத்தாள்.

நேரம் முடிந்து வேன் ஹாரன் அடித்தது. மற்றவர்கள் கிளம்பினார்கள். எல்லோருக்கும் முன்னால் போன விசிலக்கா, இழுத்து மூடும் இரும்புக் கேட் ஓடுகிற தண்டவாளத்தின் மேல் நாற்காலியை நிறுத்தி, இரண்டு பக்கமும் பிரேக்கைப் போட்டாள். கழுத்தில் இன்னும் தொங்கும் பழைய விசிலை எடுத்து ஒரே ஒரு தடவை நீளமாக ஊதினாள்.

"அக்கா, வழி விடுங்க. கேட்ட மூடணும்" என்றாள் மேடம்.

"ஒரு விசில்னா வண்டி நிக்கும். ரெண்டு விசில்னாதான் கெளம்பும். ரெண்டாவது இன்னும் ஊதல."

ரேடியோ அவளுக்குப் பின்னால் வந்து நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் படியில தொங்கறேன்" என்றார்.

மேடம் கெஞ்சினாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். அண்ணனுக்குப் போன் போட்டாள். "எது சொன்னாலும் சரின்னு சொல்லிடுங்க மேடம், அப்பதான் அடங்குவா" என்று போனிலிருந்து அண்ணன் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. மேடம் போனை வைத்துவிட்டு, "சரிக்கா, சரிக்கா, எல்லாம் செஞ்சிடலாம்க்கா" என்றாள்.

"சரின்னு சொல்லாத! இன்னொரு தடவ சரின்னு சொன்னே, நாளைக்கும் இங்கதான் இருப்பேன். உனக்குக் கோவமே வராதா? நான் இவ்வளவு பேசறேன், ஒரு வார்த்த திருப்பிப் பேச மாட்டியா? நான் என்ன பொம்மையா?"

அவ்வளவுதான். மேடம் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தாள்.

"என்னதான் வேணும் உங்களுக்கு? வெயில்ல நின்னு சாகறேன்! என் கைக்காசுல நாத்து வாங்கறேன்! ஒருத்தருக்கும் நன்றி கிடையாது, குழாய் சரியில்ல, கேட் சரியில்ல, குடமிளகா சரியில்ல! போங்க! நீங்களே வாங்க, நீங்களே தொறங்க, நீங்களே தண்ணி ஊத்திக்குங்க! செத்துப் போச்சுன்னா மட்டும் என்கிட்ட வந்து நிக்காதீங்க!"

முழுக்கப் பெரிய மனுஷக் குரல். இழுவை கிடையாது, கொஞ்சல் கிடையாது. கத்தியவளே பயந்து போய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விசிலக்கா கையை நீட்டினாள். "இதத்தாம்மா காலைலேர்ந்து கேட்டுட்டு இருக்கேன். சாவியக் குடு."

சாவி கைக்கு வந்த பிறகு இரண்டு தடவை விசில் ஊதினாள்.

குழாயை இறக்குவதற்கு மேலும் சண்டை தேவைப்பட்டது. போட்டாள். ஒரு பிளம்பர் வந்து முணுமுணுத்துக்கொண்டே குழாயைக் கீழே கொண்டுவந்து, அவள் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்துவிட்டுப் போனார். வேன் வராத நாட்களில் அவளும் ரேடியோவும் தாங்களே போனார்கள். அவர் தள்ளுவார், அவள் வழி சொல்வாள். "லெஃப்டு, லெஃப்டு, குழி வருது, நில்லு! எந்த மகராசன்யா நடக்கற எடத்துல பைக்க நிறுத்தினது?" மூன்று தெருவுக்கும் அவள் சத்தம் கேட்டது. பைக்கை நகர்த்த வந்தவன் "சரிக்கா" என்றால் அவனுக்கு இன்னும் கூடுதலாக விழும்.

மறுபடி வற்றலை உடைத்து விதை போட்டாள். முளைத்தது. இந்த முறை யாரும் கை வைக்கவில்லை. அவள் காலையும் மாலையும் போய் ஊற்று ஊற்றென்று ஊற்றினாள். போன தடவை தண்ணீர் இல்லாமல் செத்தவை அல்லவா, அந்த வைராக்கியம். நாற்று இரண்டு இலை விட்டு, நாலு இலை விட்டு, ஒரு நாள் காலையில் பார்த்தால் எல்லாம் ஒரேயடியாகக் கழுத்து ஒடிந்து மண்ணில் கிடந்தன. மேடம் வந்து எட்டிப் பார்த்தாள். "பரவா..." என்று ஆரம்பித்தவள், விசிலக்காவின் கண்ணைப் பார்த்து மிச்சத்தை விழுங்கிக்கொண்டு, "தண்ணி ஜாஸ்திக்கா" என்றாள்.

விசிலக்கா ஒரு செடியை வேரோடும் சேறோடும் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அண்ணி அப்போதுதான் சமையல் மேடையைத் துடைத்து முடித்திருந்தாள். அதன் மேல் செடியைச் சொத்தென்று போட்டாள்.

"என்ன இது?"

"நான் வளத்த மிளகா. நெஜமா நான் வளத்தது."

அண்ணியின் முகத்தில் அந்தப் பழைய பரிதாபம் தலைகாட்டியது. உதடு "சரி" என்று குவிந்தது.

"பொய் சொன்னே, இந்தச் சேத்த எடுத்து உன் தலையில கொட்டிடுவேன்" என்றாள் விசிலக்கா. "ஒரு தடவையாவது உண்மையச் சொல்லு அண்ணி."

அண்ணி செடியை எடுத்தாள். வேரை நசுக்கினாள். முகர்ந்தாள். முகம் சுளித்தாள்.

"அழுக வச்சிருக்கே! இப்படியா ஊத்துவாங்க? விரல விட்டு ஈரம் இருக்கான்னு பாக்கணும்னு தெரியாது? காலைல போறேன், சாயங்காலம் போறேன்னு ஊரக் கூட்டினியே, இதுக்குத்தானா? வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு, மண்டையில ஒண்ணும் இல்ல. இதுல தொடச்ச மேடையில சேறு வேற!"

"நீ மட்டும் ஒழுங்கா? குடமிளகாயப் பாத்து மிளகான்னு சொன்னவதானே!"

"சொல்லாம? மூஞ்சிய அப்படி வச்சிட்டு வந்து நின்னா மனுஷி என்ன சொல்லுவா?"

"மூஞ்சியா? என் மூஞ்சிக்கு என்ன?"

கூடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்தான். செருப்பைக்கூட மாட்டாமல் மொட்டை மாடிப் படியில் தடதடவென்று ஏறினான்.

அண்ணி அலமாரியிலிருந்து வற்றல் டப்பாவை எடுத்து நாத்தனாரின் மடியில் நங்கென்று வைத்தாள். "இந்தா. அடுத்த தடவையும் அழுகிச்சுன்னா இந்த வீட்டுல உனக்கு மிளகாயே கெடையாது."

"அது இருக்கட்டும். மொதல்ல நீ சோத்துல உப்பக் கொற" என்றாள் விசிலக்கா. "வாயில வைக்க முடியல."